ஜிகினா அறை

“ஏய், இது பச்சையா நீலமா, பாத்துச் சொல்லு.”

அக்கா, உள்ளங்கையில் ஒரு பாசிமணியை வைத்துக்கொண்டு நீ என்னிடம் கேட்ட இந்தக் கேள்வி இன்று காலை அடுப்படியில் திரும்ப வந்தது. பேத்தியின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிளறியதும் உன் பசைக் கொட்டாங்கச்சியின் வாடை எழுந்தது. கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பசை அடிப்பிடித்துவிட்டது. மருமகள் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, “உக்காருங்க அத்தை” என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

அன்று நான் “பச்சைக்கா” என்றேன். “அதான் நானும் நெனச்சேன்” என்று சொல்லி மணியை நீல டப்பாவில் போட்டாய். விளையாடுகிறாய் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பது என் பழக்கம். உன் வீட்டுக்காரர் மாமா இறந்த பிறகு நீ நம் ஊர் பாலசமுத்திரத்துக்குத் திரும்பி வந்தாய். எனக்குப் புத்தூர் பள்ளியில் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்தபோது, “தனியா ஒருத்தி அங்க இன்னாத்த துன்னுவா” என்று நம்மைப் பெற்ற நைனாவிடம் சொல்லிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டாய். எனக்குச் சமைத்துப் போட வந்தவள் இரண்டே மாதத்தில் ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டாய். அச்சடித்த பெருமாள் படத்தை அட்டையில் ஒட்டி, அதன்மேல் பட்டுத்துணி வெட்டி வேட்டி கட்டி, மணியால் மாலை போட்டு, கண்ணாடிக் கல்லால் கிரீடம் வைத்து, ஓரமெல்லாம் ஜிகினா பதிக்கும் வேலை. திருப்பதியில் ஒரு படக்கடைக்காரர் அதை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்றார். மலைக்கு வந்துபோகும் ஜனங்கள் எந்தெந்த ஊருக்கோ நீ உடுத்திவிட்ட பெருமாளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வாடகை வீட்டின் பின்னறை உன்னுடையதாயிற்று. அதில் பாதியில் வீட்டுக்காரம்மாளின் வேர்க்கடலை மூட்டைகள். மீதிப் பாதியில் நீயும் உன் சாமான்களும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாய். உன்னைச் சுற்றி டப்பாக்கள், கொட்டாங்கச்சியில் பசை, சரிகைத் துண்டுகள், மடியில் கத்தரிக்கோல். பார்த்தால் சந்தை கலைந்த இடம் மாதிரி இருக்கும். ஆனால் நீ தலையைத் தூக்காமலே வேண்டியதை எடுப்பாய்.

பிறகு எடுக்க முடியாமல் போக ஆரம்பித்தது. ஊசி கிடைக்கவில்லை. பசையில் கை வைத்தாய். சிவப்பு மணி இருந்த டப்பாவைத் தட்டிவிட்டாய். “இன்னா எழவு இது, வெச்சது வெச்ச எடத்துல கீதா பாரு” என்று அறையைத் திட்டினாய். நானும் உன்னோடு சேர்ந்து அறையைத் திட்டினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாக எழுதினால் யாராவது போய்ச் சிலேட்டை மாற்றுவார்களா? நாம் இருவரும் அதைத்தான் செய்தோம். கண்ணில் வந்த கோளாறுக்கு அறையை ஒழுங்குபடுத்தக் கிளம்பினோம்.

எவ்வளவு உற்சாகம் நமக்கு! மூட்டைகளை முன்னறைக்கு மாற்றவைத்தோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஆசாரியைக் கூப்பிட்டு வடக்குச் சன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் தரையிலிருந்து உச்சிவரை பலகைத் தட்டுகள் அடிக்கச் சொன்னோம். எதை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது நீ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய்.

“பாதத்துக்குப் போற சாமானு கீழ. கிரீடத்துக்குப் போறது மேல. சாமி கிரீடத்துக் கல்ல காலாண்ட வெச்சிக்கினு ஒக்காந்திருந்தா நல்லாவா கீது?”

எனக்கும் அது ரொம்ப சரியாகத்தான் பட்டது. நீ எப்போதுமே படத்தைப் பாதத்தில் தொடங்கிக் கிரீடத்தில் முடிப்பவள். ஆகவே அடித்தட்டில் சதங்கைக்கும் பீடத்துக்கும் ஆன மணிகள். அதற்கு மேலே பட்டுத்துணி, சரிகை. நடுத்தட்டில் மாலை மணிகள். அதற்கும் மேலே சங்கு சக்கரத்துக்கு வெள்ளி ஜிகினா. உச்சியில் கிரீடக் கற்கள். பசைகூடத் தரையில் இருக்கக்கூடாது என்று ஒரு தட்டில் ஏறியது. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது சுவரிலேயே ஒரு பெருமாள் நிற்பதுபோல இருந்தது. நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். நான் ஒவ்வொரு டப்பாவுக்கும் பேர் எழுதி ஒட்டினேன், வகுப்பறைப் பழக்கம்.

வீட்டுக்காரம்மாள் எட்டிப் பார்த்தாள். நல்ல மனுஷி. வீட்டில் தெலுங்கு, நம்மிடம் இரண்டும் கலந்து. “ஏமம்மா, ரூமா இது, கோயிலா? சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு. ஆனா பேரெல்லாம் அரவத்துல, தமிழ்லயே ஒட்டியிருக்கியே டீச்சரம்மா? ஆந்திர ராஜ்ஜியம் வந்துடுச்சு, தெரியாதா?”

“ஜிகினாவுக்கு எந்த ராஜ்ஜியம்மா?” என்றாய் நீ. “எந்தப் பக்கம் ஒட்டுறமோ அந்தப் பக்கம் கீது.”

அவள் சிரித்த சிரிப்பில் சன்னல் கம்பி அதிர்ந்தது. நாமும் சிரித்தோம். அந்த அறையில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த நாள் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அறை ஒழுங்கானது. வேலை ஒழுங்காகவில்லை. ஒரு சாயங்காலம் நான் பள்ளி விட்டு வந்தபோது நீ அறை நடுவில் உட்கார்ந்திருந்தாய். கிரீடக் கல்லை எடுக்க முக்காலியில் ஏறியிருக்கிறாய். உச்சித் தட்டு டப்பாக்கள் கையோடு வந்து, நடுத்தட்டையும் இழுத்துக்கொண்டு கொட்டிவிட்டன. முழங்கையில் சிராய்ப்பு. அதைத் துடைக்கக்கூட இல்லை. மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுக்கி, நிறம் பிரித்து, முறத்தில் குவியல் குவியலாக வைத்திருந்தாய்.

“பாத்தியா? ஒத்தையா பொறுக்கிட்டேன். சரியா கீதா சொல்லு.”

முறத்தைப் பார்த்தேன். பச்சையும் நீலமும் எல்லாக் குவியலிலும் இருந்தன. சிவப்பு மட்டும் ஓரளவு சேர்ந்திருந்தது.

“சரியா கீதுக்கா” என்றேன்.

“டீச்சரம்மா, பொய் சொல்ற பிள்ளைங்கள நீ இன்னா பண்ணுவ?” என்றாய். பிறகு முறத்தை என் பக்கம் தள்ளினாய். “எத்தினி நாளா இப்டி கீதுன்னு கேக்காத. எனக்கே தெரியல. ஓரத்துல இருந்து இருட்டிக்கினே வருது. நடுவுல மட்டும் ஒரு சன்னலு மாதிரி தெரியுது. நானு ரூம்தான் இருட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு உன்னை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் நெற்றியில் கண்ணாடி கட்டிக்கொண்டு உன் கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்: கண்ணுக்குப் போகும் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இந்த மருந்தை விட்டால் இருப்பது சில காலம் நிற்கலாம். “ஆப்பரேசன் எதுனா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார். எத்தனையோ பெற்றோரிடம் பிள்ளைகளைப் பற்றி நான் இதே பொறுமையோடு பேசியிருக்கிறேன். அந்தப் பொறுமை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

போன மாதம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள், அக்கா. காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிட்டேன். கட்டுப் பிரித்ததும் மருமகளின் புடவைக் கரை தெரிந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

அன்று பட்டணத்திலிருந்து உன்னோடு திரும்பி வரும்போது ரயிலில் எல்லைப் பேச்சுதான். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, நகரி ஆந்திரப் பக்கம் நிற்கிறது, புத்தூர் என்ன ஆகும், சித்தூர் என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். “இது நடந்தா எங்க ஊருக்கும் எங்க கொல்லி நெலத்துக்கும் நடுவுல கோடு வரும்” என்று ஒருவர் கத்தினார். நீ சன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, “உக்காந்த எடத்துலயே கீறோம், ஊருதான் எழுந்து போய்க்கினு கீது” என்றாய். எதிரே இருந்தவர் எல்லையைப் பற்றிச் சொல்கிறாய் என்று நினைத்து, “கரெக்டா சொன்னீங்கம்மா” என்றார்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நீ போய் உட்கார்ந்த இடம் பின்னறை. “கண்ணு போனா போவட்டும். கைய எவன் கேட்டான்? சாவுற வரைக்கும் ஒரு பெருமாளையாவது நானே முழுசா செய்யணும். நீ வந்து கிரீடம் வெக்க, நான் வேடிக்கை பாக்கறதா?” என்றாய்.

அன்று வாசற்படியில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையை மடியில் வைத்தாய். உன் வலது கை தானாகப் போய் முட்டிக்குப் பக்கத்தில் தரையைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. கை திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அங்கேயே போனது. வகுப்பில் பெஞ்சுகளை இடம் மாற்றிய மறுநாள் பிள்ளைகள் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டு விழிப்பார்களே, அதுபோல. பசைக் கொட்டாங்கச்சி இருந்த இடம் அது. நாம் அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டோம்.

அப்போதுதான் இரண்டாவது முறையாக அந்த அறையை ஒழுங்குபடுத்தினோம். உன்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். “மூடாங்காட்டி மட்டும் இன்னா தெரியுது” என்று முணுமுணுத்துக்கொண்டே மூடினாய். நான் ஒவ்வொரு சாமானாகப் பேர் சொன்னேன். “கத்தரிக்கோல்.” உன் கை இடது தொடை அருகே போனது. அங்கே வைத்தேன். “சரிகை.” முதுகுக்குப் பின்னால் போனது. சிரிப்பு வந்தது, ஆனாலும் அங்கேயே வைத்தேன். “மாலை மணி.” நேர் எதிரே, ஒரு கை தூரம். இப்படியே உன்னைச் சுற்றி அரைவட்டமாக அறை உட்கார்ந்தது. ஒவ்வொரு டப்பா மூடியிலும் ஓர் அடையாளம் ஒட்டினோம். சிவப்புக்குப் புளியங்கொட்டை, பச்சைக்குச் சட்டைப் பித்தான், நீலத்துக்குக் கயிற்று முடிச்சு, மஞ்சளுக்கு ஒரு சோழி. படத்தில் மாலை வரும் கோட்டின்மேல் நான் நூல் ஒட்டிக் கொடுத்தேன். உன் விரல் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போகும்.

கிரீடக் கல்லில்தான் தகராறு. “காலாண்ட வெக்க மாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் நம் சாப்பாட்டு மணைகளைக் கொண்டுவந்து உன்னைச் சுற்றிப் போட்டு, எல்லா டப்பாவையும் அவற்றின்மேல் தூக்கி வைத்தேன். “எல்லாமே மணை மேல ஏறிடுச்சு. இப்ப மேல ஏது, கீழ ஏது?” என்றேன்.

கையால் தடவிப் பார்த்தாய். “அப்ப தரையில ஒக்காந்துகினு கீறது நான் மட்டும்தானா?” என்றாய். பிறகு, “சரி, அது நாயம்தான்” என்று ஒத்துக்கொண்டாய்.

ஒரே ஒரு சட்டம் போட்டாய். சொல்லாமல் யாரும் எதையும் நகர்த்தக்கூடாது. “எடம் மாத்தறவங்க சொல்லிட்டு மாத்துங்க. ராஜ்ஜியம் மாத்தறவங்கதான் கேக்காம மாத்தறாங்க.”

அந்த ஏற்பாடு நடந்தது, அக்கா. மெதுவாக, ஆனால் நடந்தது. நீ தனியாகவே படங்களை முடித்தாய். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். உன் கண்ணுக்குள் இருந்த அந்தச் சன்னல் சுருங்கிக்கொண்டே போனதை நீ என்னிடம் சொல்லவில்லை.

அந்தச் சங்கராந்திக்கு நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் மட்டும் பாலசமுத்திரம் போனேன். கடைக்காரர் கேட்ட படங்கள் பாக்கி இருந்ததால் நீ வரவில்லை. போகி அன்று வீட்டுக்காரம்மாள் வீடு முழுவதும் கழுவினாள். நீ முன்னறையில் படுத்திருந்தபோது உன் அறையையும் பெருக்கி, மணைகளைத் துடைத்து, டப்பாக்களையும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, பெரியது சிறியது என்று அழகாக வரிசைப்படுத்தி வைத்துவிட்டாள். பசை ஊறிப் புளியங்கொட்டையும் பித்தானும் உதிர்ந்ததை அவள் குப்பை என்று நினைத்திருக்கிறாள். உனக்கு ஒத்தாசை செய்த சந்தோஷத்தில் சொல்லவும் மறந்துவிட்டாள். உனக்கு இடம்தான் கணக்கு. வழக்கமாகக் கை போகும் இடத்துக்குப் போயிற்று, அங்கே ஒரு டப்பா இருந்தது, உள்ளே மணி இருந்தது. எல்லா மணியும் விரலுக்கு ஒன்றுதானே.

நான் திரும்பி வந்த அன்றே படங்களைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுத் தயாராக வைத்திருந்தாய். “வூட்டுக்காரம்மா பாத்துட்டு சால பாகுந்தின்னு சொன்னாங்க” என்றாய். அவள் எதைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வாள். நானும் முடிச்சை அவிழ்க்கவில்லை. பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போனோம்.

கடைக்காரர் துணியைப் பிரித்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் படத்தைப் பார்த்தேன். துளசி மாலை வரவேண்டிய இடத்தில் சிவப்பு. ரோஜா மாலை பச்சை. பீடம் மஞ்சளும் நீலமுமாகக் கலந்து கிடந்தது. தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. ஒரு மணிகூடக் கோட்டை விட்டு விலகவில்லை. நீ கடை வாசலில் நின்று, அவர் குரல் வரும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். வகுப்பில் கணக்கைப் போட்டு முடித்துவிட்டுச் சிலேட்டை நீட்டும் பிள்ளை முகம் அது.

“எப்டி கீது?” என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“தல்லி,” என்றார் கடைசியில், தாயைக் கூப்பிடுவதுபோல, “வேலை சுத்தமா கீது. கலருதான்…”

“எந்த எடத்துல?”

உன் கையைப் பிடித்து மாலைமேல் வைத்தார். விரலால் மேலிருந்து கீழே தடவினாய்.

“இது துளசி இல்ல?”

“செவப்பு தல்லி.”

விரலை எடுத்துக்கொண்டாய். “பெருமாளுக்குத் தெரியாதா, நான் துளசின்னுதான் போட்டேன்னு?”

“அவருக்குத் தெரியும் தல்லி. வாங்கற ஜனத்துக்கு எப்டி சொல்றது?” படங்களை மறுபடி துணியில் சுற்றினார். ஒரே நிறத்தில் மணி மாலை மட்டும் கோத்துக் கொடு, மற்றதை வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்றார். நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன். “சரிப்பா” என்றாய். அந்தச் “சரிப்பா”வைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

பஸ் ரேணிகுண்டா தாண்டியபோதுதான், போகிக்கு அந்தம்மாள் வீடு முழுவதும் கழுவியதை நீ சொன்னாய். வீட்டுக்குப் போனதும் அந்தம்மாளை ஒரு வார்த்தை கேட்கத்தான் போகிறேன் என்று நான் பொரிந்துகொண்டிருந்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“வாணாம். அவ நல்லதுக்குத்தான் அடுக்கினா. நீயும் நல்லதுக்குத்தான் அடுக்கின. எல்லாரும் நல்லதுக்குத்தான் அடுக்கறாங்க. எனக்குத்தான் எடுக்க ஒண்ணும் கெடைக்கல.”

எல்லை ஒரு வழியாக முடிவாயிற்று. திருத்தணி அந்தப் பக்கம் போனது. நாம் இந்தப் பக்கம் நின்றோம். அறைக்குள் ஒரு டப்பா மணி, ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு என்று உன் ராஜ்ஜியமும் சுருங்கியது. பிறகு வெளிச்சம் முழுவதுமாகப் போனது. அதற்குப் பின்னும் தினமும் காலையில் அரைவட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வாய். ஒவ்வொரு டப்பாவாகத் தொடுவாய், மூடுவாய். ஒன்றும் செய்யமாட்டாய். நான் மறுபடி அடையாளம் ஒட்டித் தருகிறேன் என்றேன். பெரிய முத்து, சின்ன முத்து என்று அளவை வைத்துச் செய்யலாம் என்றேன். இருபது பிள்ளைகளுக்கு இருபது வழியில் சொல்லிக்கொடுத்துப் பழகியவள் நான். ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று நம்பிக்கொண்டே இருந்தேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “போயி வேலையப் பாருடி” என்பாய். வழி இல்லாத இடமும் உண்டு என்று எனக்குச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை.

நீ போய்ச் சேர்ந்த பிறகு அறையைக் காலி செய்யவேண்டி வந்தது. முதல் டப்பாவை எடுக்கக் கையை நீட்டியவள், வாய்விட்டுச் சொன்னேன்: “அக்கா, பச்சைய எடுக்கறேன்.” அடுத்து, “நீலத்த எடுக்கறேன்.” ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எடுத்தேன். வாசலில் நின்ற வீட்டுக்காரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. மருமகளின் சமையலறையில் ஒரு கரண்டியை இடம் மாற்றினாலும் சொல்லிவிட்டுத்தான் மாற்றுகிறேன். வயதாகிவிட்டது, தனக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறாள். நினைக்கட்டும்.

அக்கா, உனக்கு நான் எழுதுவதைப் பிறரும் படிக்கக்கூடும். வீட்டில் ஓர் அறையைத் தையலுக்கோ படம் வரையவோ ஒதுக்கி, அதை எப்படி அடுக்குவது என்று யோசிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு இது: பலகை வாங்குவதற்கு முன் ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, அடிக்கடி தேவைப்படும் பொருளுக்குக் கையை நீட்டுங்கள். கை எங்கே போய் நிற்கிறதோ, அங்கே அதை வையுங்கள்.